ஓடைக்கு இந்தப் பக்கம்

ஹோபர்ட்டின் கடப்பாரை மறுபடியும் கல்லில் மோதிய சத்தம் கேட்டு வெர்லி சரிவில் ஏறி வந்தாள்.

"பாறையா?"

"இல்ல. யாரோ நட்ட கல்லு, சாஞ்சு கிடக்கு. அங்க பாரு, கால்மாட்டுல இன்னொண்ணு. நடுவுல மூணடிகூட இல்ல." பெரியப்பா மகனான ஹோபர்ட் குழியோரத்தில் உட்கார்ந்துவிட்டான். "குழந்தைக் குழி, வெர்லி. நான் தொடமாட்டேன்."

அவளுடைய அப்பா எஸ்டெல் நேற்று மதியம் இறந்துபோனார்; குழி அவருக்குத்தான். "என்னை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகாதீங்க" என்பதைத்தான் கடைசி வாரம் முழுக்கச் சொன்னார். அந்தப் பக்கம் தேவாலயத்துக்குப் பின்னால் கல்லறையில் அம்மா பதினோரு வருஷமாகத் தனியாகக் கிடக்கிறாள். ஏன் என்று கேட்டால் அவர் பேச்சை மாற்றி மோர் கேட்பார்.

கீழ் வீட்டு ஐசி அத்தை சோள ரொட்டித் தட்டோடு மூச்சு வாங்க வந்து, கல்லைப் பார்த்ததும் நின்றாள்.

"லூடி. இங்கதானா இருக்கா!"

"யாரு?"

"உங்கப்பனோட தங்கச்சிடி. நாலு வயசு. டைபாய்டு."

"அப்பாவுக்குத் தங்கச்சியா? குடும்பத்துப் பேரெல்லாம் எழுதி வெச்ச பைபிள்ல அந்தப் பேரே இல்லையே."

"பழைய பைபிள் அவ செத்தப்போ வந்த வெள்ளத்துலதான் போச்சு. மலை மேல மரமெல்லாம் வெட்டிச் சாய்ச்சிருந்தானுங்க, மழை பெஞ்சா தண்ணி அப்படியே இறங்கும். பாலம் போயிடுச்சு. சவப்பொட்டியத் தூக்கிட்டு ஓடையத் தாண்ட முடியல, இந்தப் பக்கமே புதைச்சாங்க. தண்ணி வடிஞ்சதும் அந்தப் பக்கம் கொண்டுபோறோம்னு எஸ்டெல்கிட்டச் சொன்னாங்க. அவனுக்கு எட்டு வயசு. தினம் கரையில போய் நிப்பான்."

"அப்புறம்?"

"தண்ணி வடிஞ்சுது. யாரும் கொண்டுபோகல."

வெர்லிக்குக் கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. "எப்படி இருப்பா? முடி என்ன நிறம்?"

"சிவப்பு..." ஐசி யோசித்தாள். "இல்ல, அது என் அக்காவோட முடி. மறந்துடுச்சு கண்ணு."

ஹோபர்ட் எழுந்து மண்ணைத் தட்டினான். "பேசாம அந்தப் பக்கம் சித்தி பக்கத்துலயே தோண்டிடலாமா? காலையிலேர்ந்து நீயும் அதைத்தானே சொல்லிட்டிருந்த. ரெண்டு மணிக்குப் பிரசங்கியார் வந்துடுவாரு."

வெர்லி குனிந்து கல்லில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டை விரலால் வழித்தாள். எழுத்து எதுவும் இல்லை.

"இங்கயே தோண்டு. கொஞ்சம் தள்ளி."

"எவ்வளவு தள்ளி?"

அவள் கல்லை ஒட்டிக் கால்களைச் சேர்த்து நின்றாள். ஹோபர்ட் அவள் செருப்புக்கு அடுத்தாற்போல் மண்வெட்டியால் கோடு கிழித்தான்.