பங்களா மரத்துக் காய்

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, முந்தாநாள் காளான் வந்த துணிப்பையைத் துவைப்பதற்காக எடுத்து பாண்டீஸ்வரி உதறினாள். காளானில் ஒட்டியிருந்த மண்ணும் சருகும் குழாயடியில் கொட்டின. கூடவே நாலு காய்கள். ஒன்றைக் குனிந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

கறுத்து மட்கிய காய். அதன் வெடிப்பிலிருந்து மெல்லிய காம்புகள் கிளம்பி, ஒவ்வொன்றின் தலையிலும் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு குட்டிக் கிண்ணம் இருந்தது. இதுவும் காளான் இனந்தான். ஆனால் இதை அவள் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறாள். மலைமேல் ஏலத்தோட்டத்து பங்களா வளாகத்தில், மேனேஜர் ஓக் என்று சொல்லும் ஒற்றைச் சீமை மரம் ஒன்று நின்றது. போன மழைக்காலம் முழுக்க அதன் அடியில் அவள்தான் கூட்டிப் பெருக்கினாள். அந்த மரத்துக் காய் விழுந்து மட்கினால் அதன்மேல் இந்தக் கிண்ணங்கள் முளைக்கும். சுற்றிலும் வேறெங்கும் அந்த மரம் கிடையாது.

அவள் புருஷன் சுருளிராஜன் சொன்னதோ வேறு கதை.

தேவாரத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் அவன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பை நிறையக் காளானோடு வந்து, "புத்துல பூத்தது" என்றான். அவனே சமைத்தான். அவனும், பக்கத்து வீட்டு மொக்கைச்சாமியும் தின்றார்கள். பாண்டீஸ்வரி செவ்வாயன்று கவுச்சி தொடமாட்டாள். காளானையும் அவள் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தாள். புதன் விடியலில் சுருளிராஜனுக்கு வாந்தியும் பேதியும் கண்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். என்ன காளான், எங்கே பறித்தது என்று டாக்டர் ஜெஸ்லின் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவன், ஊரே தின்கிற புற்றுக்காளான்தான் என்று சாதித்தான். சாயங்காலம் வயிறு தேவலையானதும், டாக்டர் தடுத்தும் கேளாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான். மொக்கைச்சாமி ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. இரண்டு தடவை வயிற்றால் போனதோடு சரி என்று சொல்லி, தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைக்கு இன்று விடியலில் புறப்பட்ட முதல் ஜீப்பிலேயே மலையேறிவிட்டான்.

பாண்டீஸ்வரி காயைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிட்டு போன் போட்டாள்.

"இந்தக் கிண்ணத்தால ஒண்ணும் ஆகாது" என்றார் ஜெஸ்லின். "இது எந்த மரத்துக் காய்?"

"ஓக்குன்னு மேனேஜர் சொல்லுவாக, டாக்டரம்மா."

ஜெஸ்லின் உடனே கேட்டார்: "சமைச்ச காளான் வெளிறின பச்சையா, அடியில பை மாதிரி இருந்துச்சா?"

"ஆமா."

"அது ஓக் வேரை ஒட்டி வர்ற விஷக்காளானா இருக்கலாம். முதல்ல வாந்தி வரும், அப்புறம் சரியான மாதிரி இருக்கும். அந்த நேரத்துலதான் ஈரல் அழிஞ்சுக்கிட்டு இருக்கும். அவர் எங்க?"

"வண்டி எடுத்துட்டுப் போயிட்டாக."

"நிப்பாட்டுங்க. தின்ன எல்லாரையும் உடனே கூட்டிட்டு வாங்க."

சுருளிராஜனின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டான். மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி வளைவுகளில் ஏறிவிட்டால் சிக்னலும் கிடைக்காது. எதிர்வீட்டு ஈஸ்வரபாண்டி பைக்கைக் கிளப்ப, காய்களைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் பின்னால் ஏறினாள். போடி வருமுன்னே ஒரு லாரி வழிவிடாமல் நகர்ந்தது. "ஏலே, மண்ணுல எறக்கி ஓட்டுடா!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

செக்போஸ்ட்டில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. மூன்றாவது அவனுடையது. தடுப்புக் கம்பு மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியை உருவினாள்.

"ஏ, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அவள் முந்தானையை அவிழ்த்துக் காய்களை நீட்டினாள். "மாமா, இது எங்கன கெடந்துச்சு?"

அவன் பார்வை காயில் பட்டு விலகியது. "சருகோட ஒட்டிருக்கும். சாவியக் கொடு."

"புத்துக்கு இந்தக் காய் நடந்தா வந்துச்சு? உங்க ஈரல் அழிஞ்சுக்கிட்டு இருக்குன்னு டாக்டரம்மா சொல்றாக. எங்கன பறிச்சீக?"

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலச் சொன்னான்: "பங்களா வேலிக்குள்ளதான். இன்னொரு தடவை உன்னைய உள்ள பாத்தா தோட்டத்துக்கு உன் வண்டியே வேண்டாம்னு மேனேஜர் சொல்லியிருந்தாரு. அதான்..."

ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மொக்கைச்சாமியின் மனைவி மூக்கம்மாள். வழக்கம்போல ஏலக்காய் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"தம்பி, எங்க வீட்டுக்காரருந்தான தின்னாரு?"

மூக்கம்மாள் இறங்கி, முன்னால் நின்ற ஜீப்பை நோக்கி ஓடினாள். அது அவளை ஏற்றிக்கொண்டு மலையேறியது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தபோது சுருளிராஜன், "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். ரிப்போர்ட் வந்ததும் ஜெஸ்லின் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். மதுரை போய்ச் சேர்வதற்குள் அவனுக்குக் கண் மஞ்சள் பூத்துவிட்டது. பாண்டீஸ்வரி பதினேழு நாள் அந்த வார்டு வாசலில் கிடந்தாள். ஐந்தாம் நாள் மட்டும் அவன் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தேறினான்.

மொக்கைச்சாமி தோட்டத்தின் கடைசி மூலையில் மருந்தடித்துக்கொண்டிருந்தான். மூக்கம்மாள் அவனைத் தேடிப் பிடித்து, வரமாட்டேன் என்றவனை இழுத்துக்கொண்டு இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஆறாம் நாள் அவன் இறந்துபோனான்.

வீடு திரும்பிய மறுநாள் சுருளிராஜன் பாண்டீஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனான். மூக்கம்மாள் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்கன பறிச்சதுன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா. அவருகிட்டயும் புத்துன்னுதான் சொன்னேன்."

முறத்தின் சத்தம் நின்றது. அவன் அழத் தொடங்கினான். மூக்கம்மாள் அவன் பக்கம் திரும்பாமல் பாண்டீஸ்வரியைப் பார்த்தாள்.

"ஆத்தா, நீ எப்ப வேணும்னாலும் வா. இவர மட்டும் இங்கன கூட்டிட்டு வராத."

"சரிக்கா" என்றாள் பாண்டீஸ்வரி. அவனைத் தாங்கிப் பிடித்து மெல்லப் படியிறக்கினாள்.