உள்ளே போகாத பச்சை

பெரியவளுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. கட்டியை எடுத்தாகிவிட்டது, இனி கதிர்வீச்சு கொடுப்பது மட்டும்தான் பாக்கி என்றார்கள். ஆனால் முதல் தடவைக்கே தோல் வெந்து கொப்புளித்துவிட்டது. அப்படி ஆகக் கூடாது. மருத்துவர் கதிரை நிறுத்திவைத்து, தோலில் ஒரு துணுக்கை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே வேலை பார்ப்பவள் கூடப்பிறந்த சின்னவள். விதிக்கு விளையாட வேறு ஆளா கிடைக்கவில்லை!

கதிர் பட்டால் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை அறுபடும். அறுந்ததை ஒட்டவைப்பதற்கென்றே ஒரு புரதம் உண்டு. அது குறைந்தால் கட்டி வரலாம்; உடம்பு கதிரையும் தாங்காது. செல்களை வளர்த்து, கதிர் காட்டி, அரைத்துக் கூழாக்கிப் புரதத்தின் அளவைப் பார்ப்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் செல்லும் வேண்டும். அதற்கு அங்கே வேலை செய்பவர்களே தங்கள் தோலைக் கொடுத்து வைத்திருப்பார்கள். இந்த முறை உறைபெட்டியில் கைக்குக் கிடைத்தது சின்னவளுடையது. யாரும் யோசிக்கவில்லை. அவளும்தான்.

"ரெண்டும் ஒரே அளவு. புரதம் நிறையவே இருக்கு. உங்க அக்காவுக்கு ஒண்ணுமில்லம்மா, நாளைக்கே கதிர் ஆரம்பிக்கச் சொல்லிடலாம்" என்றார் சோடாப்புட்டி. தடித்த கண்ணாடி போட்ட தலைமை ஆய்வாளருக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் அது. அது அவருக்கும் தெரியும்.

சின்னவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒன்றுமில்லையென்றால் அக்காவின் தோல் ஏன் அப்படி வெந்தது?

"சார், அரைச்சுட்டா எவ்வளவு இருக்குன்னுதான் தெரியும். எங்க இருக்குன்னு தெரியாதே. சாயம் போட்டு ஒரு தடவை பாத்துடறேன்."

"பாரேன், யாரு வேண்டாம்னா?"

உட்கருவுக்கு நீலம், புரதத்துக்குப் பச்சை. டி.என்.ஏ. இருப்பது அந்த நீல உருண்டைக்குள். கதிர் பட்டதும் பச்சை அதற்குள் ஓடியாக வேண்டும். பெரியவளின் செல்களை நுண்ணோக்கியில் வைத்தாள். பச்சைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. எல்லாம் வெளியே. வீடு பற்றி எரியும்போது தெருவில் கூடி நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம் மாதிரி நீலத்தைச் சுற்றி நின்றது. இருந்து என்ன பிரயோஜனம்?

"அடப்பாவி, உள்ள போயேன்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அடுத்துத் தன்னுடையதை வைத்தாள். அதிலும் அப்படியே இருந்தது.

சோடாப்புட்டி வந்து குனிந்து பார்த்தார். "சாயம் சொதப்பிடுச்சு போல. என்னோடதுக்கும் போட்டுப் பாரு."

அவருடைய செல்களில் பச்சை அத்தனையும் நீலத்துக்குள் இருந்தது. சாயத்தில் கோளாறு இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவும் இல்லை, திரும்பப் போட்டுக்கொள்ளவும் இல்லை. "மடத்தனம் பண்ணிட்டோம்மா. இது பரம்பரையா வர்ற கோளாறு. அக்காவை ஒப்பிட்டுப் பாக்கத் தங்கச்சியை வச்சிருக்கோம்" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து, கதிர் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவரிடம் சொன்னார். சின்னவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் அக்காவின் அறைக்குப் போனாள்.

"கதிர் வேண்டாம்னுட்டாங்கக்கா. உன் உடம்பு தாங்காதாம். வேற வைத்தியம் பாக்கலாம்னு டாக்டர் சொன்னார்."

"அப்பாடா, தப்பிச்சேன். அதுக்கு ஏன்டி மூஞ்சியை இப்படி வச்சிருக்கே?"

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் வந்தாள். அக்காவிடம் எதை மறைத்து அவள் ஜெயித்திருக்கிறாள்?

"எனக்கும் அதேதான்க்கா. உனக்கு இருக்கிற அதே கோளாறு. கட்டியெல்லாம் இல்ல. இப்போதைக்கு இல்ல."

பெரியவள் தங்கையின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"சின்ன வயசுல நான் எதைக் கையில வச்சிருந்தாலும் எனக்கும் வேணும்னு புரண்டு புரண்டு அழுவே. இதையுமாடி கேக்கணும்?"

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். சின்னவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறி, கொப்புளம் இல்லாத பக்கமாக அக்காவை ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.