பென்சில் கோடு

ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு இளையவள் அதை மறுபடியும் உறைக்குள் திணித்தாள். உள்ளறையில் அம்மா மூச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத் தாண்டாது என்று காலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“என்ன போட்டிருக்கான்?” என்றான் அண்ணன்.

“நம்ம பாட்டிக்குப் பாட்டியோட அம்மான்னு ஒருத்தியை அம்மா குறிச்சு வச்சிருக்கால்ல, அந்தப் பொண்ணு ஒன்பது வயசுலயே செத்துப்போச்சாம். பதிவேட்டுல இருக்கு.”

அம்மா நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்டவள். அளந்த கோட்டுக்கு மை, உத்தேசக் கோட்டுக்குப் பென்சில் என்பது அங்கே சட்டம். ஓய்வு பெற்றதும் அதே சட்டத்தோடு தன் தாய்வழியைத் தேடக் கிளம்பினாள். சாவு வீட்டில்கூட, “உங்க பாட்டியோட அம்மா பேரு என்ன?” என்று கேட்டு எழுதிக்கொள்வாள். சொந்தக்காரர்கள் ‘சென்சஸ்’ என்று பேர் வைத்து, அவளைக் கண்டாலே காத தூரம் ஓடினார்கள். பதினோரு வருடத்தில் இளையவள் வரை ஆறு தலைமுறைப் பெண்கள் தாளில் ஏறினார்கள். உச்சியில் இருந்தவள் மட்டும் இன்னும் பென்சிலில் இருந்தாள். அவளைப் பற்றிக் கேட்டு எழுதியதற்குத்தான் இந்தப் பதில்.

“சரிதான்னு சொல்லிடு. போற உசுரு நிம்மதியாப் போகட்டும்,” என்றான் அண்ணன்.

இளையவளுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ஆனால் அம்மாவிடம் பொய் சொல்லி அவள் ஒருநாளும் தப்பித்ததில்லை.

“வந்துச்சா?” அவள் உள்ளறைக்குள் வந்ததும், கண்ணைத் திறக்காமலே அம்மா கேட்டாள்.

“வந்துச்சும்மா. நீ சொன்ன பேருதான். சரியா இருக்குன்னு எழுதியிருக்காங்க.”

“அப்ப மை போடு. நான் பார்க்கணும்.”

இளையவள் தாளைக் கட்டிலில் விரித்து, மைப் பேனாவை எடுத்தாள். முனையைத் தாளில் வைக்காமல் மேலேயே பிடித்திருந்தாள். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூடி வை,” என்றாள். “பென்சில்லயே இருக்கட்டும். சின்ன வயசுல அளக்காம கோடு போட்டா உனக்கு என்ன கிடைக்கும்?”

“குட்டு.”

“ம். யாரோ ஒருத்தி பெத்துத்தானே இருப்பா. பேரு தெரியலைன்னா அவ இல்லாமப் போயிடுவாளா?”

இளையவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே பெரிய ஆறுதலாகவும் இருந்தது. அம்மாவின் உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

பிற்பகல் மூன்று பத்துக்கு மூச்சு நின்றது. டாக்டர் வந்து நாடி பார்த்து, நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, அண்ணன் அந்தத் தாளை எடுத்துவந்து மேஜையில் விரித்தான். அம்மாவின் பெயருக்குக் கீழே பிறந்த தேதி மையில் இருந்தது. அதற்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

“தேதியை எழுதிடு. சர்டிபிகேட்டே கையில இருக்கு. இதுல என்ன சந்தேகம்?”

இளையவள் மைப் பேனாவைத் தள்ளி வைத்தாள். பென்சிலை எடுத்து நிதானமாகச் சீவினாள். பிறகு தேதியை எழுதினாள், அழுத்தாமல்.