சுகுமாறனின் செலாசி எண்ணெய்

உலு திராமில் சுகுமாறன் குடியிருந்த தாமானில், அதாவது வீட்டுக் குடியிருப்பில், அவரை விஞ்ஞானி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவரேதான். ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடமாகக் குப்பி கழுவிவந்த மனிதர், வீடு திரும்பியதும் கிருமிகளைப் பற்றி வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார்.

கல்லூரிக்குப் புதிதாக வந்த டாக்டர் பிரவீனா, திருநீற்றுப்பச்சை எண்ணெய் கிருமியைக் கொல்லுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மலாய்க்காரர்கள் செலாசி என்று சொல்லும் செடிதான். சுகுமாறன் தன் வீட்டுச் செடியைக் கொண்டுவந்தார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும் என்றதும், பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவின் வேலியோரச் செடியையும் கேட்காமலே பறித்து வந்தார். இரண்டையும் ஆவியில் வடித்தார்.

"என்னோடத மோந்து பாருங்க டாக்டர், சோம்பு வாசன! அது சாதாரண செடி இல்ல."

எண்ணெயில் நனைத்த சின்ன வட்டக் காகிதங்களைக் கிருமி பூசிய தட்டுகளில் வைத்தார்கள். கிருமி வளராமல் காகிதத்தைச் சுற்றித் தெளிவான வளையம் விழுந்தால் எண்ணெய்க்கு வீரியம் உண்டு என்று அர்த்தம்.

மறுநாள் காலை சுகுமாறன் தட்டுகளை வெளியே எடுத்தார். வெள்ளையம்மாவின் எண்ணெயைச் சுற்றிப் பதினெட்டு மில்லிமீட்டருக்கு வளையம். அவருடையதைச் சுற்றி எட்டு. அதில் ஆறு காகிதத்தின் அகலம். மீதி இரண்டு, கிருமிகள் மரியாதைக்காக ஒதுங்கி நின்ற இடம்.

சுற்றிலும் யாரும் இல்லை. பஞ்சில் எரிசாராயத்தைத் தொட்டு, எது யாருடைய எண்ணெய் என்று காட்டத் தட்டுகளின் அடியில் இருந்த எண்களை அழித்தார்; மாற்றி எழுதினார். பதினாறு வருடத்தில் அவர் செய்த முதல் சொந்த ஆராய்ச்சி அதுதான்.

பிரவீனா வந்து தட்டுகளைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், மறுபடி தட்டுகளைப் பார்த்தார்.

"அண்ணே, நான் ஏழு மணிக்கே வந்து போட்டோ எடுத்துட்டுத்தான் சாப்பிடப் போனேன். அதுல நம்பர் வேற மாதிரி இருக்கு. போட்டோ எடுத்ததும் மங்கின நம்பர்மேல திரும்ப எழுதுனேன், இந்த மாசம் பூரா அப்படித்தான்; அதுல நான்தான் குழம்பிட்டேன் போல. அலமாக்! ஒரு மாச வேலையையும் தூக்கிப் போடணும்."

சும்மா இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். சுகுமாறனும் சும்மா இருக்கத்தான் பார்த்தார். ஆனால் அந்தப் பெண் குறிப்பேட்டில் 'என் தவறு' என்று எழுதத் தொடங்கியதும் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாதீங்க டாக்டர். மாத்துனது நான்தான்."

"ஏண்ணே?"

"என் செடி தோத்துப்போச்சு."

காரணம் சொன்ன பிறகுதான், ஐம்பது வயது ஆள் சொல்கிற காரணமா அது என்று அவருக்கே தோன்றியது. பிரவீனாவுக்கு முதலில் கோபம் வந்தது. இன்னொரு தடவை நடந்தால் மேலிடத்துக்குப் போகும் என்றார். பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சுகுமாறன் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார், மூன்று முறை. மூன்று முறையும் தோற்றார். எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற அறிக்கையும் வந்தது. வெள்ளையம்மாவுடையதில் கிருமியைக் கொல்லும் லினலூல் நிறைய, கிராம்பில் இருக்கும் யூஜினாலும் கணிசமாக. அவருடையதில் முக்கால்வாசி மெத்தில் சாவிகால். அவர் பெருமையடித்த சோம்பு வாசனை அதனுடையதுதான். இந்தக் கிருமியிடம் அது பெரிதாக எடுபடவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வெள்ளையம்மாவின் வேலிக்குப் போனார்.

"அக்கா, உங்க செடிதான் ஜெயிச்சிருக்கு. கிருமிய அப்படிக் கொல்லுது."

"அப்படியா தம்பி? பூன வந்து அசிங்கம் பண்ணுதேன்னு நட்டு வச்சேன்."

"பூன வராம இருக்கா?"

"அதுக்கு மேலதான் தூங்குது லா."

சுகுமாறன் பூனையை மெல்ல நகர்த்திவிட்டு, இந்த முறை அனுமதி கேட்டு, தன் வீட்டில் நட ஒரு கொம்பை ஒடித்துக்கொண்டார்.