நடுவில் செத்தது

இஷாக் பாயின் பெருவிரல் பொய் சொல்லாது என்பது திண்டுக்கல் தோல் மண்டியில் எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கதி. அய்யலூரிலிருந்து உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வந்து இறங்கியதும் ஓர் அழுத்து அழுத்துவார். விரல் மெத்தென்று இறங்கினால் அந்த இடம் செத்துவிட்டது, கழித்துவிடு என்பார்.

அந்த விரலைத்தான் தன் தொடைக் கட்டியிலும் வைத்தார், பாவி மனுஷன். புற்றுநோய் என்று மதுரை ஆஸ்பத்திரியில் முதல் கீமோ ஏற்றியிருந்தார்கள். இன்னும் சில தவணை ஏற்றிக் கட்டியைச் சுருக்கினால் காலைக் காப்பாற்றிவிடலாம் என்றிருந்தார் டாக்டர் அனிஷா. வாந்தியும் சோர்வுமாய்க் கிடந்து எழுந்தவர் ஒரு நாள் அழுத்திப் பார்க்க, கல்லாய் இருந்த கட்டி நடுவில் அமுங்கியது.

“மெஹராஜ், இது செத்துருச்சு. இனி அந்த மருந்து எதுக்கு?”

அவர் மனைவி தொட்டுப் பார்த்து, சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். அடுத்த தவணைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனில், அவருக்குத் தேவலை, இனி வர மாட்டார் என்று சொன்னதும் அவள்தான். கட்டி பெருத்தபோதுகூட, அழுகினால் ஊதத்தானே செய்யும் என்று இருவரும் தேற்றிக்கொண்டார்கள். அவரால் நடக்க முடியாமல் போன பிறகுதான் மதுரைக்குக் கார் பிடித்தார்கள்.

டாக்டர் திட்டவில்லை. ஸ்கேன் படத்தில் நடுவே இருந்த கறுப்பைத் தொட்டுக் காட்டினார்.

“நடுவுல செத்தது நெசந்தான் பாய். கட்டி வளந்த வேகத்துக்கு உள்ள இருக்குற செல்லுக்கு ரத்தம் எட்டல, பட்டினியில செத்துருச்சு. ஓரத்துல இருக்குறது ஒண்ணு ரெண்டாப் பெருகிக்கிட்டே இருக்கு. சாகுறதவிடப் பொறக்குறது ஜாஸ்தி. அதத் திருப்பத்தான் மருந்து ஏத்துனோம்.”

நுரையீரலுக்கு இன்னும் பரவவில்லையாம். ஆனால் இனி காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார். இஷாக் பாய் சுவரைப் பிடித்து எழுந்தார். வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று சுவரைப் பிடித்தபடியே நொண்டிக் கதவுவரை போய்விட்டார்.

மெஹராஜ் எழவில்லை. போனில் தான் சொன்ன வார்த்தை அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. நாலு பேர் முன்னால் புருஷன் பேச்சுக்குக் குறுக்கே ஒரு வார்த்தை பேசியறியாதவள் அவள்.

“ஆபரேசனுக்குத் தேதி குடுங்கம்மா,” என்றாள்.

“பொறந்த காலு, மெஹராஜ்.”

“காலு போகட்டும்ங்க. அதோட உங்களையும் அனுப்பிட்டு நான் யாரோட இருப்பேன்?”

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு நொண்டிக்கொண்டே வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எம்புட்டு மேல வெட்டுவீங்க, டாக்டர்?” என்று கேட்டார்.