கூரைச்சீலையில் காய்ந்த மிளகாய்

என் மகன் சாம்பவன், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வைகாசியில், படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு பயண வாகனத்தை வாங்கி, பிரெஞ்சு பேசும் ஊரான ரொக்ஸ்பரோவிலுள்ள தன் வீட்டு முற்றத்தில் நிறுத்தினான். அதே வாரத்தில் அவனுடைய மனைவி வதனியின் தாய் கிளி மட்டக்களப்பிலிருந்து வந்து சேர்ந்தார். என் அறை அவருக்குக் கொடுக்கப்பட்டது. எனக்கு வாகனம் கொடுக்கப்பட்டது. முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற ஒருவனை முற்றத்தில் குடியேற்றுமுன், எவரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆயினும் அங்கே ஒரு கதவு இருந்தது. அதை உள்ளிருந்து பூட்ட முடிந்தது. பொத்தானை அழுத்தினால், பக்கச் சுவரின் ஒரு பகுதி கட்டிலோடு வெளியே நகர்ந்து சிற்றறையாகும். அதன் மேல் மழை படாதபடி, உருளையிலிருந்து ஒரு சீலை விரியும். சுவரை உள்ளே இழுத்தால் சீலையும் சுருண்டுகொள்ளும். அச்சீலை கிழிந்தால் என் கட்டில் நனையும். கட்டில் நனைந்தால், நான் போகவேண்டிய இடம் சலவை இயந்திரம் இரையும் நிலவறை.

ஆகவே கையேட்டை இருமுறை வாசித்தேன். சீலையில் குப்பை தங்கக் கூடாது. ஈரத்தோடு சுருட்டக் கூடாது. பெருங்காற்றில் விரித்துவைக்கக் கூடாது. நாள்தோறும் ஏணியில் ஏறி மேப்பிள் விதைகளைக் கூட்டினேன். தும்புத்தடி கரடாக இருந்தமையால், அதன்மேல் என் பழைய பெனியனைச் சுற்றிக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு காலை, சீலை முழுவதும் மோரிலும் உப்பிலும் ஊறிய மிளகாய்கள் பரந்து கிடந்தன.

“சம்மந்தி, இது என்ன வேலை?” என்று கிளியைக் கேட்டேன்.

“ஏன், மோர்மிளகாய் கண்டதில்லையா? நல்லா வெயில் விழுற இடம். நிலத்தில போட்டா அணில் விடுதா?”

“உப்புப் பட்டா சீலை பழுதாப்போகும்.”

“நீங்க நாளும் பொழுதும் தேய்க்கிற தேய்ப்புக்குப் பழுதாகாதது, என்ட நாலு மிளகாய்க்கா பழுதாகப்போகுது? சும்மா இருங்க மாஸ்டர், இது உங்கட பள்ளிக்கூடம் இல்ல.”

மிளகாய்களை ஒரு பேசினில் அள்ளிக் குசினிப் படியில் வைத்தேன். மாலையில் மகன் வந்தான்.

“அப்பா, அவ ஆசைக்குக் காயவைக்கிறா. வதனி அழுறாள். விட்டுடுங்க.”

“மகன், உப்புப் பட்டா அந்தச் சீலைத் தையல்...”

“ஒரு சீலைக்கு இவ்வளவு கதையா?”

அன்றுமுதல் விட்டுவிட்டேன்.

புரட்டாதியில் புயற்காற்று வரும் என்று வானொலி அறிவித்தது. சாம்பவன் ஓடிவந்து பொத்தானில் கை வைத்தான்.

“முதல் மிளகாயை எடு, பிறகு அழுத்து!” என்று கத்தினேன்.

“நேரமில்ல அப்பா!”

மிளகாய்களும் சீலையோடு சுருண்டன. ஐந்து நாள் மழை பெய்தது. சுவர் உள்ளே இழுபட்டிருந்ததால் கட்டிலில் படுக்க இடமில்லை; நான் வாகனத்தின் முன்னிருக்கையில் உறங்கினேன். ஆறாம் நாள் சுவரை வெளியே நகர்த்தியபோது, தையல் நீளத்துக்குச் சீலை பிளந்தது. அன்று மாலை பெய்த மழையில் என் மெத்தை ஊறிப்போயிற்று.

பழுதுபார்க்க ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். நாங்கள் எல்லோரும் முற்றத்தில் நின்றோம். அவர் ஏணியில் ஏறி, உருளையின் மடிப்பிலிருந்து கறுத்த மிளகாயொன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துச் சிரித்தார். “பிமான்!” மிளகாயைத்தான் சொன்னார். தையலைத் தேய்த்தார், நூல் தூளாக உதிர்ந்தது. விரலை நாவில் வைத்து முகத்தைச் சுளித்தார். பின்னர் என் தும்புத்தடியை எடுத்து, பெனியனைத் தட்டிப் பார்த்து, என்னை நோக்கிப் பெருவிரலை உயர்த்தினார். இவ்வளவையும் விளங்கிக்கொள்வதற்கு எனக்குப் பிரெஞ்சு மொழி வேண்டியிருக்கவில்லை.

சாம்பவன் அவரோடு சிறிது நேரம் கதைத்தான். பிறகு தன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

“கூட்டிக் கூட்டித்தான் நைஞ்சுபோச்செண்டு சொல்றார்.”

“நான் அப்பவே சொன்னன்,” என்றார் கிளி.

“அவர்ட கையில இருந்தது என்ன மகன்?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்ல அப்பா.” அவன் என்னைப் பார்க்கவில்லை. “பேஸ்மன்ட்ல கட்டில் போட்டுத் தாறன். குளிருக்கும் நல்லம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றோடு ஆவணியில் அச்சீலையில் காயவைத்து, இப்போது பொரித்த மோர்மிளகாய் பரிமாறப்பட்டது. என் தட்டிலிருந்த மிளகாயின் காம்பில் வெள்ளை நூலொன்று சுற்றியிருந்தது; அச்சீலையின் தையல் நூல். அதைப் பிரித்தெடுத்து, மகனுடைய தட்டின் விளிம்பில் வைத்தேன்.

அவன் அதை நெடுநேரம் பார்த்தான். பின்னர் இரு விரலால் எடுத்துக் கைத்துடைப்பானில் வைத்து மடித்தான்.

“அப்பாவுக்கு இன்னும் ரெண்டு மிளகாய் போடுங்க மாமி,” என்றான்.

நான் தட்டை மூடிவைத்துவிட்டு நிலவறைக்கு இறங்கினேன்.