மணிக்கூண்டில் ஒரு பூச்சி

பழைய படச்சுருள்களைக் கணினியில் ஏற்றித் தூசி தட்டுவது அவள் வேலை. ஒவ்வொரு பிரேமாகப் பார்த்து, கீறலோ கறையோ கண்ணில் பட்டால் அழித்துவிடுவாள். அலுவலகத்தில் தூசி அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

அந்த மாதம் அவள் கைக்கு வந்தது அம்மாவின் படம். அதாவது, தன் படம் என்று அம்மா காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த படம். தலைநகரைச் சுற்றிக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம். நாடாளுமன்றம், பெரிய பாலம், அருங்காட்சியகம், மணிக்கூண்டு என்று வரிசையாக வரும். பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் ஒவ்வொன்றின் பெருமையையும் மூச்சுவிடாமல் அளக்கும். "மணிக்கூண்டு வரும்போது பாருங்க, நான் இருக்கேன்" என்பாள் அம்மா. மேற்கொண்டு கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். அப்புறம் கேலிக்குக் கேட்கவா வேண்டும்! "அத்தை, உங்க படத்துல ஹீரோ யாரு?" என்று மருமகன் ஆரம்பித்துவிடுவான். அம்மா சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள்.

மகளுக்கு அது பொறுக்கவில்லை. எப்படியாவது அம்மாவைக் கண்டுபிடித்து எல்லார் வாயையும் அடைத்துவிட வேண்டும். மணிக்கூண்டின் அடியில் நடந்துபோகிற ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள். குடைக்காரர், சைக்கிள்காரர், ஐஸ் தின்னும் இரண்டு பெண்கள். அம்மா மட்டும் இல்லை. மேலே கடிகாரத்தின் வெள்ளைத் தட்டில் ஒரு கரும்புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. தூசி என்றால் ஒரு பிரேமில் தெரிந்து அடுத்ததில் காணாமல் போகும். இதுவோ காட்சி முழுக்க நகர்ந்தது. கேமரா கண்ணாடியில் பூச்சி ஏறியிருக்கிறது என்று முடிவுகட்டினாள். அம்மாவின் காட்சியாயிற்றே, மாசு மறுவில்லாமல் இருக்க வேண்டாமா? நாள்கணக்கில் உட்கார்ந்து அந்தப் பூச்சியைத் தடம் தெரியாமல் அழித்தாள்.

படம் வெளியே போவதற்கு முன்பு அம்மாவை அலுவலகத்துக்கே அழைத்துவந்து காட்டினாள். கூட உட்கார்ந்து தேடினால் அம்மாவே தன்னைக் காட்டிவிடுவாள் என்று நம்பினாள். அம்மா இருப்பதிலேயே நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பாலம் போனது. மணிக்கூண்டு வந்தது, அதுவும் போனது.

"நான் இல்லையேடி" என்றாள் அம்மா. 

"கீழே ஒரு முகம் விடாம பார்த்துட்டேன்மா."

"கீழே எதுக்குப் பார்த்தே? நான் மேலேல்ல இருந்தேன்! கயித்துல தொங்குற பலகையில உட்கார்ந்து கடிகாரத்தைத் துடைச்சிட்டிருந்தேன். அதான் அப்போ என் வேலை."

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷமா ஏன்மா சொல்லலை?"

"பொண்ணு கயித்துல தொங்குறான்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்னு எங்கம்மா சத்தியம் வாங்கிட்டா. உங்கப்பா போற வரைக்கும் சொல்லலை. அப்புறம் வாயால சொன்னா யாரு நம்புவா? படத்துல பார்த்தா நம்புவீங்கன்னு இருந்துட்டேன்."

"அம்மா... பூச்சின்னு நினைச்சு நான்தான் உன்னை அழிச்சுட்டேன்."

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி! நான் துடைச்சது போதாதுன்னு என்னையே துடைச்சிட்டியா?" சிரிக்கச் சிரிக்க அவள் கண்ணில் நீர் முட்டியது. மகள் அழுதேவிட்டாள்.

நல்லவேளை, கை வைக்காத நகல் ஒன்று எப்போதும் பத்திரமாக இருக்கும். அதைத் திறந்து, புள்ளியைப் பெரிதாக்கினாள். பலகையில் ஒரு சின்னப் பெண். பக்கத்தில் வாளி, கையில் துணி. துடைத்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்று, கீழே பார்த்துக் கையை ஆட்டினாள்.

"யாருக்கும்மா கையாட்டுறே?"

"படம் எடுக்கிறவருக்குத்தான். எல்லாத்தையும் எடுக்கறீங்களே, என்னையும் சேர்த்துக்கோங்கன்னு."

மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அம்மாவோ திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, ஒன்பதுகிட்ட ஒரு அழுக்குத் திட்டு விட்டுட்டேன் பாரு."

மகளின் கை பழக்கதோஷத்தில் மௌஸுக்குப் போனது. "அதை மட்டும் எடுத்துடட்டுமா?"

"தொட்டே, கையை உடைச்சிடுவேன்!" அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். "முதல்ல மாப்பிள்ளைக்குப் போனைப் போடு. உடனே கிளம்பி வரச் சொல்லு."